பச்சை வயர்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. பாலக்கரையில் முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன் நான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அன்று கேட்ட சத்தம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

பேய் என்றால் நடுச்சாமம்தான் என்று நினைப்பீர்கள். இது பட்டப்பகல். 1963, ஆடி மாதம், மதியம் ஒரு மணி.

முந்தின நாள் ஓர் அம்மா கடைக்கு வந்தார். பெயர் பவுனம்மாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் ஒரு சந்தில் வீடு.

“நீங்கதானே தம்பி அடைக்கலம்?”

பெயர் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. திருச்சியில் என்னைத் தெரியாதவன் யார் என்ற கொழுப்பு எனக்கு.

அவர் மடியிலிருந்து ஒரு சின்ன இசைத்தட்டை எடுத்தார். பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்தது. அவர் மகன் பிச்சையின் குரல் அதில் இருந்தது. மூன்று பிள்ளைகள் தங்காமல் நாலாவதாகப் பிறந்தவன், அதனால் அந்தப் பெயர். ஏதோ பொருட்காட்சியில் காசு கொடுத்து ஒரு நிமிஷம் பேசிப் பதிந்த தட்டு. பையன் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. எப்படிப் போனான் என்று நான் கேட்கவில்லை.

“போட்டா ஒரே இரைச்சலா இருக்கு தம்பி. அவன் பேசுறது காதுல விழல. அந்த இரைச்சல மட்டும் எடுத்துக் குடுங்க.”

தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கடையில் விற்கும் தட்டு மாதிரி கெட்டி இல்லை. மேல்பூச்சு ஊசி ஓட ஓட உரிந்துவிடும். ஏற்கெனவே பாதி போயிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை ஓடலாம். அதற்குள் இரைச்சலை ஒழித்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாய் மகன் குரலை இனி எப்போதும் கேட்க முடியாது.

மறுநாள் போனேன். தட்டைப் போடும் பாட்டுப்பெட்டி ஜன்னலோரம் இருந்தது. தகரச் சட்டத்தில் ரெக்கார்ட் பிளேயர், அதற்குக் கீழேயே சத்தத்தைப் பெருக்கும் ஆம்பிளிஃபயர், அதில் மூன்று கண்ணாடி வால்வு. பின்மூடி இல்லாமல் திறந்தே கிடந்தது. ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, தட்டைப் போடாமலே ஸ்விட்சைப் போட்டேன்.

ம்ம்ம்ம்ம்ம்…

தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைந்தது. போதாததற்குப் பக்கத்தில் மாவு மில். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். காது கொடுத்துக் கேட்க அந்த ஒரு மணி நேரம்தான்.

காலையிலேயே பாதி வேலையை முடித்தேன். வால்வைச் சூடாக்கும் வயர் இரண்டையும் முறுக்கினேன். முதல் வால்வை மாற்றினேன். பால்பவுடர் டப்பாவை வெட்டி அதற்கு ஒரு தொப்பி போட்டேன். ஊசியிலிருந்து வரும் வயருக்கு வலை சுற்றிய வயர் மாற்றினேன்.

மணி 1.04. மில் நின்றது.

இரைச்சல் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் அடியில் மெல்லிசாக ஒரு ம்ம்ம்…

அது எர்த் வழியாக வருவது. அதற்கு ஒழுங்கான வைத்தியம் உண்டு. உள்ளே இருக்கும் எர்த் வயர்களையெல்லாம் பிரித்து, ஒரே இடத்தில் கொண்டுவந்து பற்றவைக்க வேண்டும். அரை நாள் வேலை. குறுக்கு வழியும் உண்டு. பெட்டியில் கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் பச்சை வயரைப் பிளக்கில் வெட்டிவிட்டால் போதும். ஒரு நொடியில் இரைச்சல் நிற்கும். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான்.

ஸ்விட்சை அணைத்தேன். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். திருகைக் கழற்றி, வயர் வெட்டும் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன்.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விட்டார்கள்.

மணி 1.11.

கரண்டைத் தேக்கி வைக்கும் கண்டன்சரில் மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். அது அடங்கக் காத்திருந்தேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்…

மூச்சு நிற்கவில்லை.

எனக்கு வேர்த்தது. துண்டை வைத்து முதல் வால்வைப் பிடுங்கினேன். இரண்டாவதையும் பிடுங்கினேன். மூன்றாவதையும். மூன்றையும் தரையில் வரிசையாக வைத்தேன். இப்போது அது வெறும் தகரப் பெட்டி.

ஹ்ஹா… ஹ்ஹா…

பவுனம்மாள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மணி 1.16.

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பகலில் இப்படிப் பயப்படுகிறாயே என்று திட்டிக்கொண்டேன். சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும். பச்சை வயரில் கட்டிங் பிளேயரை வைத்தேன்.

மூச்சு நின்றது.

ஓர் இளவட்டக் குரல். காதுக்குப் பக்கத்தில். இரைச்சலே இல்லாமல்…

“அண்ணே… இன்னொரு தடவ வெட்டாதீங்க.”

கட்டிங் பிளேயர் கையிலிருந்து விழுந்தது.

தெருவில் போய்த்தான் நின்றேன். செருப்புகூடப் போடவில்லை.

அந்தப் பயத்திலும் ஒன்று உறுத்தியது. இன்னொரு தடவையா? நான் இன்னும் ஒரு தடவைகூட வெட்டவில்லையே…

பவுனம்மாள் வாசலுக்கு வந்தார். கையில் தண்ணீர்ச் சொம்பு.

“என்ன தம்பி, முடியாதா?”

முடியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. உள்ளே திரும்பிப் போனேன். பச்சை வயரைப் பிளக்கில் இருந்தபடியே இறுக்கினேன். எர்த் எல்லாவற்றையும் பிரித்து, ஒரே இடத்தில் பற்றவைக்கத் தொடங்கினேன். பாதியில் மில் ஓட ஆரம்பித்துவிட்டது; இனிக் கேட்டுப் பார்க்க வழியில்லை. மிச்சத்தை மறுநாள் காலையில் வந்து முடித்து, வால்வு மூன்றையும் திரும்பச் செருகினேன்.

மறுநாள், மணி 1.09. மில் நின்றிருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். வெறும் அமைதி. தட்டை வைத்து ஊசியை இறக்கினேன்.

“அம்மா, நான் பிச்சை பேசறேன். சாப்பிட்டீங்களா? எனக்காகக் காத்திருக்காதீங்க…”

அதே குரல்.

பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தட்டு ஓடி முடிந்தபோது ஊசியில் கறுப்புச் சுருள் சுற்றியிருந்தது. தட்டு தீர்ந்துவிட்டது.

“போதும் தம்பி. கேட்டுட்டேன்” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு பரணிலிருந்து பெட்டியின் பின்மூடியை எடுத்து வந்தார். “இத மாட்டிடுங்க. இதப் பாத்துத்தான் உங்கள வந்து கூப்பிட்டேன்.”

மூடியின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. அடைக்கலம், பாலக்கரை. 14-2-61.

என் கையெழுத்து.

பெரிய கடைவீதி வியாபாரிகள் பழைய பெட்டிகளை மொத்தமாக என்னிடம் அனுப்புவார்கள். சரிசெய்து, உள்ளே பெயர் எழுதித் திருப்பி அனுப்புவேன். யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

“பிச்சை இத வாசிச்சுக் காட்டுவான். இந்தாளு கெட்டிக்காரரும்மாம்பான். பொட்டிய வாங்கினப்போ இரைச்சலே இல்லன்னு அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் ஈரக் கையோட ஊசியத் தூக்கப் போனான், கரண்ட் அடிச்சிருச்சு…”

தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “அன்னைக்கு ஒயர்மேன் வந்து, அறுந்து கெடந்த பச்சை வயரைச் சேத்து வச்சிட்டுப் போனாரு. அதுலேருந்துதான் இந்த இரைச்சல் தம்பி.”

அந்த வயர் தானாக அறுந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. கூலி வாங்காமல் எழுந்தேன்.

“போயிட்டு வாங்க” என்றார்.