கொப்பரையில் போன அத்தை

வாய்க்காலில் தண்ணீர் வந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு கரைக்கு ஓடுவார். தண்ணீர் அங்கேதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிடுவார். எனக்கு அரைப்பரீட்சை லீவு. பத்து வயது. கால் தரையில் பாவவில்லை என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் எங்கள் எல்லாரையும்விட அதிகம் அலைந்தவள் அத்தைதான். அடுப்படியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து மாடிக்கு. காய வைத்த துணி ஒன்றுகூட இல்லாத நாளிலும் மாடிக்குப் போய் நின்றுவிட்டு வருவாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம் புருஷன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று அம்மாவைக் கேட்டால், "ரெஸ்ட் எடுக்க வந்திருக்கா" என்றாள். இவ்வளவு நடக்கிறவள் எப்போது ரெஸ்ட் எடுக்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அவள் வந்ததற்குக் காரணம் அந்த வாய்க்கால்தான்.

எங்கள் மாடியில் நின்றால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தெரியும். அந்தப் பக்கத்துப் பெரிய ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோக ராஜா காலத்தில் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் சொல்வார்கள். எந்த ராஜா என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கோயில் கட்டியவர்தான் எங்கள் பக்கத்துக் கிணறு, குளம், சில புளியமரங்கள் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. நான் பிறந்தபோது அந்த வாய்க்கால் வெறும் சீமைக் கருவேலங்காடாக இருந்தது. ஆடு மேய்க்கிறவர்களும், செத்த நாயைப் போட வருகிறவர்களும் மட்டுமே அதற்குள் போவார்கள்.

அப்பாவுக்கு அதைத் தூர்வாரியே ஆகவேண்டும் என்று ஒரு வெறி. பாசன விவசாயிகள் சேர்ந்து அவரைத் தலைவராக்கினார்கள். ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறி அரியலூர் ஆபீசுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவார். கடைசியில் ஒரு நாள் மிஷின்கள் வந்தன. கருவேலம் போனது, மண் போனது. தோண்டிய இடத்தில் நடுவே ஓட்டை போட்ட ஒரு கருங்கல் கிடைத்தது. "இதுலதான் ஓடம் கட்டியிருக்காங்க. கோயிலுக்குக் கல்லே இந்த வழியாத்தான் வந்திருக்கு" என்று அப்பா சொன்னார். மாடு கட்டுகிற கல் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அப்பா விடவில்லை. ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "மறுபடியும் ஓடம் போற அளவுக்குத் தண்ணி வரும், பாத்துக்கிட்டே இருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே எனக்கு ஓடத்தில் போகும் ஆசை பிடித்துவிட்டது.

வாய்க்காலோடு கீழே, பஸ்ஸில் போனால் நாலைந்து நிறுத்தம் தள்ளி, அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர். அந்த வீட்டுக்காரர்களின் வாழைத்தோட்டத்தில் பாதி வாய்க்காலுக்குள் இருந்தது. அவர்கள் ஒன்றும் திருட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை. தண்ணீர் வராத வாய்க்காலில் மாமாவின் தாத்தா வாழை வைத்தார், மாமாவின் அப்பா வாழை வைத்தார், அத்தை புருஷனான மாமாவும் வைத்தார். சர்வேயர் வந்து சிவப்புச் சாயம் பூசிய கல்லை நட்டபோதுதான் அது யார் இடம் என்ற பேச்சே வந்தது. அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி மாமாவின் அப்பா ஆள் அனுப்பினார். தங்கை வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று அப்பா மறுத்துவிட்டார். தார் தள்ளிய வாழைகளை மிஷின் சாய்த்தது.

மறுநாள் மாமாவின் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "தங்கச்சிக்குக் குடுத்த சீரையெல்லாம் மிஷின வச்சுத் திருப்பி வாங்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா அன்று சாயங்காலமே போய் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டால் அனுப்புவேன் என்றார். மரத்தை வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்டால் அழைத்துக்கொள்வோம் என்று அங்கிருந்து பதில் வந்தது. அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமா ஒரு தடவை எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் வந்து, யாரோ என்னமோ சொல்ல, அப்படியே திரும்பிப் போனாராம். அத்தையும் ஒரு தடவை பஸ் ஸ்டாப் வரை போனாள். "எங்கம்மா கெளம்பிட்டே?" என்று கேட்டு, பேசிப் பேசியே ஊர்க்காரர்கள் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடம் ஒன்றுதான்.

எங்கள் கொல்லையில் ஒரு பழைய இரும்புக் கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. கரும்பு போட்ட காலத்தில் வெல்லம் காய்ச்சியது. வட்டமாக, இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் போல இருக்கும். அதன் அடியில் கோழிகள் குடியிருந்தன. தண்ணீர் வந்த நாளிலிருந்து நான் அதைக் காட்டி அத்தையை அரித்துக்கொண்டிருந்தேன். "அத்தை, இது மிதக்கும் அத்தை. ஒரே ஒரு தடவ போலாம் அத்தை." அவள் காதில் வாங்கவே மாட்டாள்.

அன்று காலையில் அப்பா அரியலூருக்குக் கிளம்பிப் போனார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். படியிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

"உங்கப்பாதானே ஓடம் போவும்னு சொன்னாரு? போவுதான்னு பாத்துடுவோம் வா."

என்னால் நம்ப முடியவில்லை. ஒரு மாதம் கெஞ்சியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். அத்தை உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். முதல் தடவையாக ஓடத்தில் போகிறோம் அல்லவா, மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டேன். கையில் ஒரு துணிப்பை. நனைந்தால் மாற்றிக்கொள்ள என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்தேன். அம்மா கொல்லைப்பக்கம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று பயந்தேன். ஆனால் அவள் கடப்பாரையைக் கொண்டுவந்து கொப்பரையின் விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. மூன்று பேருமாகக் கொல்லைக்குப் பின்னால் வாய்க்காலுக்கு இறங்கும் சரிவில் தள்ளிவிட்டோம். அது தடதடவென்று உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்து, ஆடி, நின்றது. மிதந்தது. அதன் காதில் கட்டியிருந்த கயிற்றை அம்மா இழுத்துப் பிடிக்க, நானும் அத்தையும் ஏறிக்கொண்டோம்.

"கெட்டியாப் புடிச்சுக்க" என்று அம்மா சொன்னாள். என்னிடம் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொப்பரைக்கு முன் பக்கம், பின் பக்கம் கிடையாது. தண்ணீர் இழுத்த உடனே அது சுற்றத் தொடங்கியது. ஒரு நேரம் எங்கள் வீடு தெரியும், ஒரு நேரம் எதிர்க்கரை முந்திரிக்காடு தெரியும், ஒரு நேரம் வானம் மட்டும் தெரியும். அத்தை நீளமான மூங்கில் கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்தாள். இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. தள்ளக் கூடாது, கரையில் மோத வரும்போது மட்டும் தொட்டு விலக்கிவிட வேண்டும். மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். சிறுபாலத்துக்கு அடியில் போகும்போது இருவரும் மல்லாந்து படுத்துக்கொண்டோம். பாலத்தின் அடிப்பக்கத்தில் வௌவால்கள் தொங்கின. நான் கத்தினேன். என் குரல் பல குரல்களாகத் திரும்பி வந்தது. அத்தை சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

கரையில் ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள். "யாரு, தலைவரு தங்கச்சியா? எங்கம்மா?" என்று கத்தினார்கள். அத்தை கும்பிடு போட்டாள். சாலையில் என்றால் வழிமறித்திருப்பார்கள். தண்ணீரில் போகிறவளை எப்படி மறிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் சுற்றிக்கொண்டே கடந்துவிட்டோம். சைக்கிள் வைத்திருந்த பையன்கள் மட்டும் கரையோடு கூவிக்கொண்டு வந்தார்கள். பிறகு எங்களை முந்திக்கொண்டு போய்விட்டார்கள்.

தண்ணீரை மறித்துத் திறந்துவிடுகிற ஷட்டர் வந்தது. அதை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம். அரை அளவு திறந்திருந்தது. அதன் அடியில் தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. கொப்பரை சுற்றுவதை நிறுத்திவிட்டு நேராக அதை நோக்கிப் போனது. அத்தை கழியை ஊன்றினாள். கழி பிடுங்கிக்கொண்டு போய், ஷட்டருக்கு அடியில் மறைந்தது. அத்தை கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு பட்டுப்புடவையோடு குதித்தாள். கழுத்தளவு தண்ணீர். ஒரு கையால் கரையோரக் கோரையைப் பிடித்துக்கொண்டாள். கோரை வேரோடு வந்தது. அடுத்த கொத்தைப் பிடித்தாள். அவள் முகத்தில் நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்க்காத ஒரு கோபம் இருந்தது.

அங்கே வாத்து மேய்க்கிறவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையில் ஏற்றினார்கள். அந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"இதுல ஏறிக்கிட்டு எங்கம்மா போறீங்க?"

"எங்க வூட்டுக்கு."

கொப்பரை சுற்றிய சுற்றில் அத்தைக்குத் திசை தெரியவில்லை என்று நினைத்து நான் திருத்தினேன். "அத்தை, நம்ம வூடு அந்தப் பக்கம்." வாத்துக்காரர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அத்தையின் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள். பிறகு புருஷனிடம், "அந்தாண்ட எறக்கி விடு" என்றாள். ஷட்டரைச் சுற்றிக் கரை மேலாகக் கொப்பரையை இழுத்துப் போய் மறுபுறத்தில் இறக்கினார்கள்.

இப்போது எங்களிடம் கழி இல்லை. தண்ணீரின் வேகமும் கூடியிருந்தது. கரை எட்டவில்லை. இப்படியே போனால் ஏரிதான். நடு ஏரியில் கொப்பரையில் சுற்றிக்கொண்டே இருக்கப்போகிறோம் என்று நினைத்து அழ ஆரம்பித்தேன். அத்தை என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சைக்கிள் பையன்கள் செய்தியைக் கொண்டு சேர்த்திருந்தார்கள். அத்தையின் ஊர்க்கரையில் பெரிய கூட்டம். அதற்கு முன்னால் மாமா. அவருக்குச் சற்றுத் தள்ளி, தோளில் துண்டோடு மாமாவின் அப்பா. மிஷின் வந்துபோன நாளிலிருந்து, தன் வீட்டு ஆள் ஒருத்தனும் அந்தத் தண்ணீரில் கால் வைக்கமாட்டான் என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்தாராம். அவர்கள் வீட்டு மாடுகள்கூட வேறு இடத்தில்தான் குளித்தன.

கொப்பரை அந்த இடத்தைத் தாண்டப் பார்த்தது. மாமா ஒரு தடவை தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டை, வேட்டி, பாக்கெட்டில் இருந்த போன் எல்லாவற்றோடும் இறங்கினார். வாழை இருந்த அந்த இடத்தில் மார்புவரை தண்ணீர் வந்தது.

"கயித்தப் போடு புள்ள!"

அத்தை கயிற்றை வீசினாள். அவர் பிடித்து இழுத்து, கொப்பரை விளிம்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கொப்பரை சுற்றுவது நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன புள்ள இது கூத்து?"

"பஸ்ஸு கெடைக்கல" என்றாள் அத்தை. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கொப்பரையை அங்கேயே விட்டுவிட்டுக் கரையேறினோம். மாமாவின் அப்பா எங்களைப் பார்க்காமல் ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டு, "புள்ள நனைஞ்சிருக்கு பாரு, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் நனையவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

சோறு போட்டார்கள். அதன் பிறகு மாமா என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். அப்பா வாசலில் நின்றிருந்தார். கூட நாலைந்து பேர். மாமா பைக்கை விட்டு இறங்கினார். வேட்டி இன்னும் ஈரமாகவே இருந்தது.

"புள்ளய வுட்டுட்டுப் போலாம்னு வந்தேன் மச்சான்."

"பாப்பா எங்க?" அத்தையை அப்பா அப்படித்தான் கூப்பிடுவார்.

"வூட்ல இருக்கா."

மாமா அசையாமல் நின்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட இருந்தவர்களில் ஒருவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"சாப்ட்டுப் போங்க மாப்ள."

"இல்ல மச்சான். அவ சமைக்கிறேன்னா."

அப்பா தலையாட்டினார். மாமா போய்விட்டார்.

விளக்கு வைத்த பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். அடி விழும் என்றுதான் போனேன். நடந்ததைச் சொல்லச் சொன்னார். வௌவால், ஷட்டர், வாத்து எல்லாம் சொன்னேன். ஓடம் உண்மையாகவே போனது என்றும் சொன்னேன். அதற்கு அவர் சந்தோஷப்படவே இல்லை.

"மாப்ள அவராவா எறங்கினாரு? இல்ல, அத்தை கூப்ட்டாளா?"

"அவராத்தான்."

"சட்டையோடயா?"

"சட்டையோடதான். போனும் நனைஞ்சு போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "எதுவரைக்கும் தண்ணி?" என்றார். மார்பைத் தொட்டுக் காட்டினேன். சாப்பிடும்போது மறுபடியும் அதையே கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஒண்ணும் பொய் சொல்லலப்பா. சத்தியமா எறங்கினாரு."

"தெரியும். இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். தட்டில் சோறு அப்படியே இருந்தது. அன்று அவர் கரைக்கு ஓடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொப்பரை கைவிட்டுப் போன வருத்தம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பழைய கொப்பரைதானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு வெகுநேரம் ஆறுதல் சொன்னேன்.