கையில் ஏறாத சூடு

அந்த ஊரில் மெக்கானிக்குகள் ஆறு பேர். 'தெர்மாமீட்டர்' என்றால் ஒரே ஆள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

குளிர்காலம் வந்துவிட்டால் பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் அவர் பட்டறை வாசலில்தான் நிற்பார்கள். ஹீட்டர் சூடு தரவில்லை என்று எல்லோருக்கும் ஒரே பல்லவி. இவர் பானெட்டைத் திறப்பார். எஞ்சினிலிருந்து வண்டிக்குள் போகும் இரண்டு குழாய்களையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். இரண்டும் நன்றாகச் சுட்டால் கோளாறு உள்ளே, விசிறியிலோ காற்றைத் திருப்பிவிடும் கதவிலோ இருக்கிறது. ஒன்று சுட்டு இன்னொன்று ஆறிக் கிடந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டரில் அடைப்பு. இரண்டிலும் சூடு ஏறவில்லையென்றால் தண்ணீர் குறைவு, அல்லது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டாட் திறந்த வாயோடு செத்துப்போயிருக்கிறது. இருபத்தேழு வருடத்தில் அவர் கை சொன்னது தப்பியதில்லை. இது ஊர் சொன்னதல்ல, அவரே நாளுக்கு நாலு தரம் சொன்னது.

உதிரிபாகக் கடைக்காரர் சூடு அளக்கும் துப்பாக்கி ஒன்றை ஒருமுறை இனாமாகவே கொடுத்தார். "இது இல்லாதவனுக்கு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சொல்லிப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரி மேல் போட்டுவிட்டார் தெர்மாமீட்டர். கொஞ்சம் தலைக்கனம் பிடித்த ஆள்தான். ஆனால் வேலையில் ஏமாற்ற மாட்டார், அதனால் ஊர் பொறுத்துக்கொண்டது.

அந்தக் குளிர்காலத்தில் முதலில் வந்தது தையற்காரரின் கார். குழாய்கள் இரண்டும் சில்லிட்டிருந்தன. தெர்மோஸ்டாட்டை மாற்றிப் புதுத் தண்ணீர் நிரப்பினார். மறுபடி பிடித்துப் பார்த்தார், அதே சில்லிப்பு. வண்டிக்குள் உட்கார்ந்து காற்று வரும் துளையில் கையை வைத்தார். காற்று வந்தது. பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று.

"நல்லா சூடா வருதே அண்ணே! உங்க கை பட்டாலே போதும்" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த தையற்காரர்.

தெர்மாமீட்டர் அவர் முகத்தையே பார்த்தார். கிண்டல் செய்கிற முகமாகத் தெரியவில்லை.

அடுத்து ரொட்டிக் கடை வண்டி வந்தது, அதற்கடுத்து கால்நடை மருத்துவரின் ஜீப். எல்லாவற்றிலும் அதே குளிர். மூன்றாவது வண்டியில் அவருக்கு ரோஷம் போய்ப் பயம் வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அலமாரி மேலிருந்த துப்பாக்கியை இறக்கிக் குழாயை நோக்கிப் பிடித்தார். எண்பத்தாறு டிகிரி என்று காட்டியது. உள்ளங்கையை வைத்தார், பச்சைத் தண்ணீர் ஓடுவது போல இருந்தது. கருவி பொய் சொல்கிறது என்று முடிவு கட்டித் திரும்ப அலமாரியில் எறிந்தார். ஆனாலும் ஏதோ ஒன்று ஒரு வண்டியை விட்டு அடுத்த வண்டிக்கு ஏறி, அவர் கை படும் இடத்திலெல்லாம் முன்னாலேயே போய்க் காத்திருக்கிறது என்ற எண்ணம் மனதில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் பட்டறைக் கதவை இழுத்துப் பூட்டும்போது, எதை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று அவர் செருப்பு ஒன்று பட்டறை வாசலிலேயே கழன்று விழுந்துவிட்டது. அது தெரியாமல் தெருமுக்குவரை ஒற்றைச் செருப்போடு நடந்து போனார். "செருப்பு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கமா?" என்று முக்கில் கடை போட்டிருக்கும் பூட்டுக்காரர் சிரித்தார். இவரும் சிரித்து வைத்தார்.

அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். ஒரு விடுமுறை மத்தியானம் சோபாவில் படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்த்திவிடலாம் என்று போனவர் அவள் நெற்றியில் கை வைத்தார்.

குழாய்களில் இருந்த அதே குளிர்.

கன்னத்தைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார். எங்கும் சூடே இல்லை. அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்தபோது அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க, இருக்கேனா போயிட்டேனான்னு பாக்குறீங்களா?"

போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை போர்த்திவிட்டார். வண்டிகளில் இருந்த குளிரை நாமே வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டோம், அது இவளைப் பிடித்துவிட்டது என்றே நம்பினார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் கை சொல்கிறதே! அந்தக் கையை நம்பித்தானே இத்தனை வருடம் சோறு தின்றார். அன்றிலிருந்து ஏதாவது சாக்கு வைத்து அவள் விரலைத் தொடுவார், தோளைத் தொடுவார். ஒவ்வொரு தடவையும் பிணத்தைத் தொட்டது போல இருக்கும். அவளோ எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள், பேசுவாள், கொட்டாவி விடுவாள். "என்ன இது, புதுசா கொஞ்சல்?" என்று கேட்பாள். இவளை இழந்துவிடப் போகிறோம் என்ற பயத்தில் ஆள் பாதியாகிவிட்டார். வாயைத் திறந்து சொன்னால் நடந்துவிடுமோ என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண் வந்து சேர்ந்தாள்.

"அண்ணே, பின்னாடி புள்ளைங்க நடுங்குதுங்க. நாலு மணிக்கு ஸ்கூல் விட்டுடுவாங்க. அதுக்குள்ள பாத்துக் குடுங்க."

எஞ்சின் அப்போதுதான் ஓடி நின்றிருந்தது. தெர்மாமீட்டர் குழாய்களைப் பிடித்தார். எதிர்பார்த்த அதே குளிர். "தண்ணியே இல்லம்மா. எஞ்சின் ஜில்லுன்னு கெடக்கு."

"சூடு காட்டுற முள்ளு நடுவுல நிக்குதே அண்ணே?"

"முள்ளும் பொய் சொல்லுது. இரு, ரேடியேட்டர் மூடியத் திறந்தா தெரிஞ்சிடும்."

அவளும் பார்க்கும் ஆவலில் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவர் இடது கையை எஞ்சின் ஓரமாக ஊன்றிக்கொண்டு வலது கையால் மூடியைப் பிடித்தார். ஊன்றிய இடம் புகை வெளியேறும் இரும்புக் குழாய். அந்த இடத்தை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்து ஒதுங்கியதில்லை. கிட்டே போனாலே சூடு கையைத் தள்ளிவிடும். அன்று ஒன்றும் தள்ளவில்லை.

ஏதோ கருகும் வாடை வந்தது. 'இதென்ன வாடை' என்று அவரும்தான் மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணே! கை! கைய எடுங்க!" அவள் அவருடைய தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

இரும்பில் அவர் தோல் ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிவந்து, வெந்து, ஓரத்தில் வெளுத்திருந்தது. வலி இல்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைப் பார்த்தார். கால் திருகு திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் திருகியிருந்தால் கொதிக்கும் தண்ணீர் அந்தப் பெண்ணின் முகத்தில் அடித்திருக்கும். வலது கையால் மூடியைத் திரும்ப இறுக்கினார்.

குளிர் எந்த வண்டியிலும் இருந்ததில்லை.

அவள் பதறிப்போய்க் குழாய்த் தண்ணீரில் அவர் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். "டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்றாள்.

"போலாம். அதுக்கு முன்ன நீ ஒண்ணு பண்ணு. அந்த ரெண்டு ரப்பர் குழாய விரல் நுனியால தொட்டுப் பாரு. பாத்து."

அவள் தொட்டாள். "அய்யோ! மேல உள்ளது சுடுது. கீழ உள்ளது... சும்மா ஆறித்தான் இருக்கு."

"அப்ப உள்ள குட்டி ரேடியேட்டர் அடைச்சிருக்கு. கழுவி விட்டா சரியாயிடும்." அந்த மாதத்தில் அவர் சரியாகச் சொன்ன முதல் வண்டி அது. தையற்காரருக்கும் ரொட்டிக் கடைக்கும் கழற்றி எறிந்த நல்ல தெர்மோஸ்டாட்டுகள் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டு அவர் கால் விரல்களில் ஊசி முனையை வைத்து அழுத்தினார். "தெரியுதா?" தெரியவில்லை. "சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?"

"எனக்கா?" என்றார் தெர்மாமீட்டர்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி வேலை முடிந்து வந்து கட்டைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவர் வலது கையை நீட்டினார்.

"கொஞ்சம் புடியேன். என் கை எப்படி இருக்கு, சொல்லு."

"எப்படி இருக்கும்? சூடாத்தான் இருக்கு. எப்பவும் போல."

"உன் கை?"

"இப்பத்தானே இஸ்திரிப் பெட்டிய வெச்சிட்டு வர்றேன். கொதிக்குது. ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. இவளுக்கு ஒன்றுமில்லை, இவள் எங்கும் போகப் போவதில்லை. அழுதுகொண்டே சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, அவள் இன்னும் பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று சந்தேகம் வந்தது. இருட்டில் குனிந்து பார்த்தார். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.