தலைமாடு எந்தத் திசை

என் கணவருக்கு இடது பக்கம், வலது பக்கம் என்ற பேச்சே கிடையாது. சோற்றுக்கை எது என்று தெரியும், அதோடு சரி. மற்றதெல்லாம் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குதான். நான் திருச்சி டவுனில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி அரியலூருக்கு வந்த புதிதில், அடுப்படியில் உப்பு எங்கே என்று கேட்டால், பருப்பு டப்பாவுக்கு மேற்கே இருக்கிறது என்பார். மேற்கைக் கண்டுபிடிக்க நான் வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குள் குழம்பு பொங்கி அடுப்பை அணைத்திருக்கும்.

அவருடைய சொந்த ஊரான விக்கிரமங்கலத்தில் அவர் வீட்டார் எல்லோருமே இப்படித்தான். பந்தியில் உட்கார்ந்தால் கொஞ்சம் தெற்கே நகரச் சொல்வார்கள். கட்டிலில் படுத்திருப்பவனை வடக்கே புரண்டு படுக்கச் சொல்வார்கள். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, கேட்பவரும் யோசிப்பதில்லை. நான் ஒருத்திதான் நடுவில் முழித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்து, "பொட்டு கொஞ்சம் தெக்கால போயிருக்கும்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வடக்கால போயிடும்" என்றார், இதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

அப்போது நான் தபால் வழியில் மொழியியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. பாடத்தில் மொழியையும் எண்ணத்தையும் பற்றி இரண்டு கட்சி. நாம் பேசும் மொழிதான் நம் எண்ணத்துக்குத் தடம் போடுகிறது, அந்தத் தடத்தில்தான் புத்தி ஓடும் என்பது ஒரு கட்சி. எண்ணம்தான் முதலில், மொழி அதன்மேல் போட்ட சட்டை, சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிட மாட்டான் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. அவர் உரக்கடையிலிருந்து வந்து சாப்பிடும்போது இதையெல்லாம் வாசித்துக் காட்டுவேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிழக்கு தெரியாதவர்கள் எப்படித்தான் யோசிக்கிறார்களோ என்று எனக்காக வருத்தப்படுவார். தெரியாமலே முதல் கட்சியில் சேர்ந்திருந்தார்.

ஒரு பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க அவரே சுண்ணாம்புக் கல்லை மண்பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கல் கொதிக்கத் தொடங்கியதும் சற்றுத் தள்ளி நின்றிருக்கலாம். ஆர்வக்கோளாறு, குச்சியால் கிண்டிக் குனிந்து பார்த்தார். பானை சீறி இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஒரு வாடகைக் காரில் பெரம்பலூரில் இருந்த கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் சுத்தம் செய்து, மருந்து போட்டு, இரண்டு கண்ணையும் மூடிக் கட்டினார். கட்டைப் பிரித்த பிறகுதான் பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியும் என்றார். வெளிச்சம் படக்கூடாதென்று மாடி அறையின் ஜன்னலுக்குக் கனத்த பச்சைத் திரை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

பார்வை போய்விடுமோ என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அவர் தவித்தது வேறொன்றுக்கு. வரும் வழியெல்லாம் கண்ணை மூடியபடியே ஒவ்வொரு திருப்பத்தையும் மனசில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஊருக்குள் நுழையும் வரைக்கும் திசை கையில் இருந்ததாம். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து மாடிப்படியில் திருப்பித் திருப்பி ஏற்றியதில் தவறிவிட்டது. கையை நீட்டி எதையோ தேடினார். தண்ணீர் வேண்டுமா என்றால் இல்லை என்றார். என் கணவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தலமாடு வடக்கால இல்லியே?" என்று கேட்டார்.

வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பதில் அவர் வீட்டார் அவ்வளவு கண்டிப்பு. எனக்கு எது வடக்கு என்றே தெரியாது. வந்தது வரட்டும் என்று, "கெழக்காலதாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் உடம்பு தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அடுக்கடுக்காகக் கேட்டார். ஜன்னல் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே. தலை கிழக்கென்றால் சோற்றுக்கைப் பக்கத்து ஜன்னல் வடக்கு, கதவு தெற்கு என்று உள்ளங்கையில் கோடு போட்டுப் பார்த்துச் சொன்னேன். அறை முழுவதையும் அவர் மனசுக்குள் அடுக்கிவைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

மறுநாள் காலையில் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கக் கீழே இறங்கினேன். தெருவில் நின்று சூரியனைப் பார்த்தேன், நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் இருந்தது மேற்கே. அப்படியானால் தலைமாடு? நான் கிழக்கு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது அசல் வடக்கு.

சொல்லிவிடலாம் என்றுதான் மாடி ஏறினேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தெற்கே இருப்பதாக நான் சொல்லியிருந்த ஸ்டூலுக்குக் கையை நீட்டி, தடவாமல் டம்ளரை எடுத்து, தானே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. இந்த மனுஷனிடம் போய் நீங்கள் ராத்திரி முழுக்க வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? காபியை ஆற்றிக் கொடுத்தேன்.

அதன்பிறகு அந்த அறைக்குள் அவர் திசையிலேயே பேசினேன். இட்லிக்கு மேற்கே சட்னி, தலையணைக்குத் தெற்கே துண்டு. முதலில் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டேன். போகப் போகக் கணக்கு தேவைப்படவில்லை. கண்ணை மூடினாலும் கட்டிலும் ஸ்டூலும் எனக்குத் திசையோடுதான் தெரிந்தன. மருந்துக் கடைக்குப் போனால் அங்கேயும் புத்தி தானாகக் கிழக்கைத் தேடியது. சட்டையை மாற்றினால் ஆள் மாறாது என்று சொன்ன என் கட்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால் இன்னொன்றும் உண்டு. நான் அவருக்குக் கொடுத்த திசை அத்தனையும் பொய். பேச்சு தடம் போட்டது உண்மைதான், ஆனால் சூரியன் அதைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது? பரீட்சையில் இதை எந்தக் கட்சியில் சேர்த்து எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்டுப் பிரித்தது ஒரு சாயங்காலம். டாக்டர் மெதுவாகப் பஞ்சை எடுத்தார். இமைகள் வீங்கி ஒட்டிக் கிடந்தன. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நர்சிடம் திரையைக் கொஞ்சமாக விலக்கச் சொன்னார். என் கணவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டார். கும்பிடாத சாமியில்லை, சிறுவாச்சூர் அம்மனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

அவர் விரலைப் பார்க்கவேயில்லை. தலையைத் திருப்பி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, என்ன இது, வடக்கால செவந்து கெடக்கு? சூரியன் அங்கயா எறங்குது?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய விரலோடு என்னைப் பார்த்தார். என் கணவர் ஜன்னலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கித் தலைமாட்டைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் வடக்கால தல வச்சா படுத்திருந்தேன்?"

"ஆமாங்க" என்றேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும் அப்போதுதான் வந்தது.