நாக்கில் வைத்த மணல்

எங்கள் தெருவில் ஐந்து வீடுகள். ஐந்தும் ஒரே அச்சு, ஒரே ஆள் கட்டி விற்றவை. போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறினால் மூன்றாவது வீடு என்னுடையது. வருகிறவர்கள் யாராவது சுவரைத் தட்டிப் பார்த்து "நல்லா கட்டியிருக்கு" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொன்னவர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று முழிப்பார். காரணத்தை என் கணவரைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் கை கூசத்தான் செய்கிறது.

என் அப்பா இலங்கை மலைத்தோட்டத்தில் லயத்து அறையில் பிறந்தவர். கப்பலேறி வந்து நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் வெட்டினார். அங்கேயும் தோட்டத்தார் கொடுத்த அறைதான். நான் படித்து போர்ட் பிளேரில் கிளார்க் வேலைக்கு வந்தேன். கிடைத்தது கதவில் நம்பர் எழுதிய குவார்ட்டர்ஸ். சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிப்பதென்றாலும் யோசிக்க வேண்டும். ஓய்வு பெறும் அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். என் சுவரில் என் ஆணியை நான் அடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சின்ன ஆசைதான். அதற்காக நான் என்ன செய்தேன் என்பதைப் பார்த்தால் அது சின்னதாகத் தெரியாது.

வீட்டைக் கட்டியவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு சைட்டுக்கு வருவார். வீடு வாங்கப் பேசியிருந்த நாங்கள் ஐந்து குடும்பமும் அதே நேரத்துக்குப் போய் நிற்போம். ஒரு பெங்காலி, ஒரு தெலுங்கு, ஒரு மலையாளி, ஒரு ராஞ்சிக்காரர், நாங்கள். எல்லாரும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் அந்த ஆளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். "தீதி, ஆப் பாத் கரோ. ஆப்கா ஆத்மி ஹை." அக்கா, உங்கள் ஆள், நீங்களே பேசுங்கள் என்பார்கள். அவரும் என்னைப் பார்த்தால் "வாங்கக்கா" என்று இரண்டு கையையும் கூப்புவார். அக்கா என்று யாராவது கூப்பிட்டுவிட்டால் போதும், நான் இளகிவிடுவேன். அதை நல்ல குணம் என்று ஐம்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தீவில் சுற்றிலும் மணல்தான். ஆனால் வீடு கட்ட மணல் கிடையாது. கரையில் அள்ளுவது குற்றம், அள்ளினாலும் உப்பு. உப்பு மணலில் பூசிய சுவர் சில வருஷத்தில் வெள்ளை பூத்து உதிர ஆரம்பிக்கும், உள்ளே கம்பி துருவேறும். முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் சீலிங் பெயர்ந்து சோற்றுப் பானைக்குள்ளேயே விழுந்தது. அதனால் மெயின்லேண்டிலிருந்து ஆற்று மணல் மூட்டை மூட்டையாகக் கப்பலில் வர வேண்டும். ஐந்து வீட்டுக்கும் அந்த மணல்தான் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் லோடு வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குவியலைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்து என்ன தெரியும்? இங்கே பழைய மேஸ்திரிகள் செய்வதைக் கண்டிருக்கிறேன். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. "நமக் நஹீ ஹை" என்றேன். உப்பு இல்லை என்றதும் எல்லார் முகத்திலும் ஒரு தெளிச்சி. பெங்காலிக்காரர் சாத்தம் மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரத்தை முகர்ந்தே படாக் மரமா வேறா என்று சொல்லிவிடுவார். "எனக்கு மரம் தெரியும், மணல் தெரியாது. இனிமேல் தீதியின் நாக்குதான் எங்கள் லேப்" என்று சிரித்தார். அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் பௌதி என்போம், பெங்காலியில் அண்ணி. பௌதி தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியையும் திறந்து, வாய் கொப்பளிக்க என்னிடம் நீட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுவர் எழும்பி, பூச்சு வேலை தொடங்கும் நேரத்தில் கப்பல் தாமதமாகிவிட்டது. வந்தபோது மூட்டைகள் குறைவாக வந்தன. கட்டியவர் என்னை ஆபீஸ் வாசலிலேயே வந்து பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு மறைக்க மாட்டேன். வந்திருக்க மணலு ஒரு வீட்டுக்குத்தான் காணும். அத உங்க வீட்டுக்குப் போட்டுருதேன். மத்த நாலுக்கும் இங்கன கெடைக்கத நல்லா அலசிப் போட்டுருவேன். நம்ம ஆளுக நமக்குச் செய்யலன்னா யாரு செய்வா?"

"அவங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்குக்கா அவங்கள வேற கலக்கணும்? நீங்க ஒண்ணும் சொல்லிக்கிடாதீங்க, போதும்."

நான் சம்மதம் என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. டீ சாப்பிட்டுப் போங்கள் என்றேன். இன்றைக்கும் எனக்குப் பொறுக்காதது அந்த டீதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தலைவலி என்று வீட்டிலேயே படுத்திருக்கலாம். போனேன். புதிய குவியல் பௌதியின் வீட்டு வாசலில் கிடந்தது. நான் போய்ச் சேரும்வரை யாரும் அதைத் தொடவில்லை. பௌதி, "தீதி, சக்கோ" என்றாள். சுவைத்துப் பார் என்று. பாட்டிலைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள்.

குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். நாக்கில் பட்டதுமே கரித்தது. அலசவும் இல்லை, கிலசவும் இல்லை, அப்படியே கடல். கட்டியவர் கொஞ்சம் தள்ளி நின்று செல்போனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுச் சுவரைப் பார்த்தேன்.

"டீக் ஹை" என்றேன். சரியாக இருக்கிறது.

பௌதி பாட்டிலை நீட்டினாள். நான் வாய் கொப்பளித்தேன். துப்பவில்லை, விழுங்கிவிட்டேன். துப்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு பயம்.

குடிவந்து முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருஷ மழை விட்டு வெயில் காய ஆரம்பித்ததும் நான்கு வீட்டிலும் சுவர் பூத்தது. சீலிங் ஓரத்திலிருந்து கீழேவரை, வெள்ளை வெள்ளையாக. கை வைத்தால் மாவாகக் கொட்டியது. பௌதி வீட்டில்தான் அதிகம். அவள் கணவருக்கு ஏற்கனவே மரத்தூள் வாங்கிய நெஞ்சு. இந்தத் தூளும் சேர்ந்து இருமல் நிற்கவில்லை. கட்டிலை வெளித் தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் உழைத்து வாங்கிய வீட்டுக்குள் அவரால் படுக்க முடியவில்லை. நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் அவர் இருமிக்கொண்டே கையை ஆட்டுவார். நானும் கையை ஆட்டுவேன், மானங்கெட்டவள்.

என் வீட்டுச் சுவர் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லாரும் வந்து பார்த்தார்கள். பௌதி உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "உன் வீடு ராசியான வீடு தீதி" என்றாள். அவள் குரலில் ஒரு துளி சந்தேகமும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

பிறகு எல்லாரும் கூடி, ஒரு என்ஜினியரை அழைத்து ஐந்து வீட்டையும் காட்டி எழுதி வாங்கலாம், அதை வைத்துக் கட்டியவரைப் பிடிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரே ஆள், ஒரே மேஸ்திரி, மூன்றாவது வீட்டுக்கு மட்டும் என்ன வேறு மணலா என்று என்ஜினியர் கேட்க மாட்டாரா?

அன்றைக்கு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஸ் டிரைவர், அதிகம் பேச மாட்டார். கடைசிவரை கேட்டுவிட்டு, "போய்ச் சொல்லிரு. நான் வேணும்னா கூட வாறன்" என்றார்.

"என்னா பேசுறீங்க? அவங்க மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?"

"இப்ப மட்டும் எப்பிடி முழிக்கிற?"

அவருக்கு அப்படி ஒரு வார்த்தை வரும் என்றே எனக்குத் தெரியாது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பேசாமல் என்ன செய்தேன் தெரியுமா? ஆபீசுக்கு லீவு போட்டேன். அவர் டூட்டிக்குப் போனதும், தெருவே அடங்கிக் கிடக்கும் மத்தியான வெயிலில், வாளித் தண்ணீரில் கல்லுப்பைக் கொட்டிக் கரைத்தேன். முன் அறைச் சுவரில் ஒரு ஓரத்தில் சுண்ணாம்பைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, அந்தத் தண்ணீரைப் பிளாஸ்டிக் மக்கில் மொண்டு மொண்டு அடித்தேன். காய விட்டேன், மறுபடி அடித்தேன். ஒன்பது நாள். மூன்று தலைமுறையாக ஆசைப்பட்ட சுவர். அதை என் கையாலேயே கெடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு நாள் அழுகை வந்தது. அழுதுகொண்டே அடித்தேன். கடைசியில் அதுவும் பூத்தது.

என்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் பௌதி வந்தாள். "எங்க வீட்டிலும் வந்துவிட்டது" என்று நானே சுவரைக் காட்டினேன். குரலில் துக்கம்கூட வைத்துக்கொண்டேன். அவள், "ஐயோ, தீதி, உனக்குமா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே சுவர் பக்கம் திரும்பினாள். பிறகு அவள் கை மெல்ல விலகியது.

நான் அவள் பார்த்ததைப் பார்த்தேன். வெள்ளை, என் தோள் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. மக்கால் வீசியடித்தது வீசியடித்த வாக்கிலேயே வளைந்து வளைந்து தெரிந்தது. கதவு மூலையில் வாளி. அதன் விளிம்பில் உப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவி வைக்க வேண்டும் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

"எங்கள் வீட்டில் மேலேயிருந்து வந்தது" என்றாள், அவ்வளவு மெதுவாக. பிறகு சுவரை விரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"டீக் ஹை, தீதி."

இவ்வளவுதான் சொன்னாள். நான் அன்று குவியலருகே சொன்ன அதே வார்த்தை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம். கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். வாய் கொப்பளிக்க அவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் என்ஜினியர் வந்தார். என் வீட்டு வாசலில் நின்று, "இதிலும் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் பௌதி பதில் சொன்னாள். "பாஞ்சோ கர் மே." ஐந்து வீட்டிலும். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐந்து பேர் சேர்ந்து நின்றால்தான் காரியம் நடக்கும் என்று நினைத்திருக்கலாம். என் மேல் இரக்கமாகவும் இருக்கலாம். இரக்கமாக இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

என்ஜினியர் எழுதிக் கொடுத்ததை வைத்து ஐந்து குடும்பமும் மாறி மாறி நெருக்கியதில், ஒரு வழியாகப் பூச்சை எல்லாம் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசித் தரக் கட்டியவர் ஒத்துக்கொண்டார். அந்தப் பேச்சு முழுக்க அவர் என்னை அக்கா என்று கூப்பிடவே இல்லை. என் வீட்டையும் கொத்தினார்கள். கொத்துகிறவர் பாதியில் உளியை நிறுத்தி, "இந்தச் சுவர் என்ன இப்படி இறுகியிருக்கிறது? இதை ஏன் உடைக்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். வேலையைப் பாரும் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

புது மணல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியது. பழையபடியே எல்லாரும் குவியலைச் சுற்றி நின்றார்கள். பெங்காலிக்காரர் தாழ்வாரத்துக் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, இருமலுக்கு நடுவே, "லேப் என்ன சொல்கிறது?" என்று சிரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது; பௌதி தன் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில்தான் நின்றிருந்தாள், பையும் கையுமாக.

குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. சத்தியமாகக் கரிக்கவில்லை. ஆற்று மணல்தான்.

"நமக் நஹீ ஹை" என்றேன்.

எல்லாரும் தலையாட்டினார்கள். தெலுங்குக்காரர் வண்டிக்காரரை மீதி மூட்டைகளையும் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்போது பௌதி யாரையும் பார்க்காமல் குனிந்தாள். தானே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று பார்த்தாள். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்து, தன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மூடியைத் திருகிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.