நெல் குவியலுக்குள் இன்ஹேலர்

சளி பிடித்தவர்களின் முகத்துக்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு. ஒரத்தநாடு பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன். மூச்சு இழுக்கிறவர்களுக்கு நெபுலைசர் மாட்டிவிடுகிறேன். யாராவது தும்மினால் அன்று முழுக்கத் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இந்தத் தை மாதப் பனியில் உங்களுக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும், என் பயம் புரியும்.

ஊசி கேட்ட செல்வி

உளுந்து விதைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்த செல்வி, ஊசி போட்டே ஆகவேண்டும் என்றாள். “இது வைரஸும்மா, ஊசிக்கு அடங்காது. உங்க உடம்பு அதோட சண்டை போடுது. அதுலதான் மூக்கும் தொண்டையும் உள்ள வீங்கி ஒழுகுது. நாலஞ்சு நாள்ல தானா அடங்கிடும்” என்றார் டாக்டர்.

வெளியே வந்து என்னிடம் முணுமுணுத்தாள்: “எங்க வீட்டுச் சண்டையே ஒரு நாள்ல முடிஞ்சிரும். இது நாலஞ்சு நாள் நடக்குங்கறாரே.”

முறை தவறக்கூடாது

கலியமூர்த்தியை நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடப்பு. அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரம் அதிகம், காய்ந்தால்தான் எடுப்போம் என்று அங்கே சொல்லிவிட்டதால், வரிசையில் தன் முறை போய்விடக்கூடாதென்று பனியில் காவல் கிடந்தவர். அந்தப் போகத்து வெள்ளாமை மொத்தமும் அந்தக் குவியல்தான். அவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா; அதன்மேல் சளியும் பிடித்து கிளினிக்குக்கு வந்தார்.

“மத்தவங்களுக்கு மூக்கோட நிக்கிற சளி உங்களுக்கு நெஞ்சுக்கு இறங்கிடுது. மூச்சுக்குழாய் உள்பக்கம் வீங்குது, சுத்தியிருக்கிற சதை இறுக்குது, நடுவுல கோழை வேற. ரெண்டு கரையும் உள்ள சரிஞ்ச வாய்க்கால்ல தண்ணி எப்படிங்க போகும்?” என்று டாக்டர் கேட்டு, இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். நெபுலைசரைக் கழற்றும்போது நானும் கெஞ்சினேன், வீட்டில் போய்ப் படுங்கள் என்று.

துண்டை உதறித் தோளில் போட்டார். “மூச்சு திரும்ப வரும்க்கா, முறை திரும்ப வராது.”

எல்லோரும் கிளறிய குவியல்

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் அவரைப் பைக்கில் தூக்கி வந்தவர் ராஜேந்திரன். பக்கத்துக் குவியல்காரர், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கலியமூர்த்தியின் உதடு கறுத்துப்போயிருந்தது. நெபுலைசர் மாஸ்க்கை மாட்டினேன். “இன்ஹேலர் எங்கங்க?” என்றேன்.

காவல் கிடக்கிறவர்கள் செல்போனையும் சாப்பாட்டு டப்பாவையும் நெல்லுக்குள் புதைத்து வைப்பார்களாம், பனியும் படாது, யார் கண்ணிலும் படாது. இழுப்புக்காரன் என்று பெயராகிவிடுமோ என்று இவர் இன்ஹேலரையும் அப்படியே புதைத்திருக்கிறார். காலையில் தார்ப்பாயை இழுத்தபோது நெல் சரிந்து, எங்கே வைத்தோம் என்பதே தெரியவில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் குவியலைக் கிளறிக்கொண்டிருப்பதாக ராஜேந்திரன் சொன்னார்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் மாஸ்க்குக்குள்ளிருந்து கலியமூர்த்தி, “நெல்லுக்கு யாரு காவல்?” என்றார்.

ராஜேந்திரன் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “என் நெல்லே இன்னும் எடைக்குப் போகல, உன் நெல்லை வச்சு நான் என்னய்யா பண்ணப்போறேன். பேசாம மூச்ச விடு.”

காய்ந்தது

இன்ஹேலர் குவியலின் அடியில் கிடைத்ததாம். தேடியவர்கள் நெல்லைக் களம் முழுக்க இறைத்துவிட்டார்கள்; அது அன்றைய வெயிலில் நன்றாகக் காய்ந்து, மறுநாள் ஈரம் பார்த்தபோது தேறிவிட்டது. கலியமூர்த்தி எடை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். இப்போது இன்ஹேலர் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி இருக்கிறது.

இரண்டொரு நாளில் டோக்கன் வாங்க வந்து நின்றவர் ராஜேந்திரன். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. “அவன் நெல்லு போயிடுச்சு, சளி எங்கிட்ட வந்துடுச்சு. அந்த இன்ஹேலர என் குவியல்லயும் ஒருதரம் புதைக்கச் சொல்லுங்கக்கா.”

ஒருவருடைய சளி போனது என்று நான் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவதற்குள் அது அடுத்தவர் மூக்கில் ஏறி வந்து என்னிடமே டோக்கன் கேட்கிறது, போதாததற்கு இப்போது என் தொண்டையும் அரிக்கிறது.