பூஜ்யத்தில் தடுமாறும் பிள்ளை

ராசிபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் வரும் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், அமுதவல்லி டீச்சர் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எடுக்கிறாள். கணக்கை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் பெயர் வாங்கியது வேறொன்றில். ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட விடையைக் காட்டினால் போதும், அது எந்த இடத்தில், எப்படி யோசித்து, ஏன் சறுக்கியது என்று அங்கேயே சொல்லிவிடுவாள். நாற்பத்திரண்டில் பதினேழு போக முப்பத்தைந்து என்று ஒருவன் எழுதியிருந்தால், "ரெண்டுல ஏழு போகாதுன்னு பையன் ஏழுல ரெண்டைக் கழிச்சுப்போட்டானுங்க" என்பாள். பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்துகூட அவளிடம் நோட்டுகள் கட்டுக்கட்டாக வரும். அந்தக் கட்டுகளை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேசைமேல் வைத்துக்கொள்வாள்.

வருஷத்துக்கு ஒருமுறை வட்டாரத்துக் கணக்கு ஆசிரியர்களுக்கெல்லாம் ராசிபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி நடக்கும். முன்னால் நின்று பயிற்சி கொடுப்பவருக்குக் கருத்தாளர் என்று பெயர். ஒன்பது வருஷமாக அது அமுதவல்லிதான். அந்த இரண்டு நாளும் பட்டுப்புடவைதான் கட்டுவாள். "கண்ணாலம் யாருக்குங்க அம்மணி?" என்று அவள் வீட்டுக்காரர் சின்னுசாமி கிண்டல் செய்வார். அவளுக்கு அந்தக் கிண்டலும் பிடிக்கும்.

இப்படி இருந்தவளின் பிழைப்பில் மண்ணைப் போட ஒரு நாள் கம்ப்யூட்டர் வந்தது. பழைய சத்துணவு அறைக்கு வெள்ளையடித்து, பத்துக் கம்ப்யூட்டரை வரிசையாக வைத்து, லேப் என்று எழுதிவிட்டார்கள். பிள்ளை தன்னுடைய எண்ணைப் போட்டு உள்ளே போனால் முதலில் ஒரு டெஸ்ட் வரும். என்னென்ன தப்பாகப் போட்டது என்று பார்த்து, அந்தப் பிள்ளைக்கு எங்கே தடுமாற்றம் என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற பயிற்சியைத் தினமும் கொடுக்கும். இருபத்திரண்டு வருஷம் அமுதவல்லி செய்த வேலை அது.

லேப் பொறுப்பு ஆறாம் வகுப்பு டீச்சர் சரிதாவுக்குப் போனது. வாழப்பாடிப் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. நல்ல பெண் என்பதுதான் பெரிய தொந்தரவு. எது செய்தாலும் "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஓடிவருவாள். அவளைத் திட்டுவதற்கு ஒரு காரணம்கூடக் கிடைக்காமல் அமுதவல்லி தவித்தாள்.

வட்டாரக் கல்வி அலுவலர் வந்து லேப்பைப் பார்த்தார். பிள்ளைகளின் பெயருக்கு நேராகப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திரையில் தெரிந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "எந்தப் புள்ள எங்க தடுமாறுதுன்னு தெரியாம இத்தனை வருஷம் இருட்டுல தடவிக்கிட்டு இருந்தமுங்க" என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அமுதவல்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒன்பது வருஷம் இதே ஒன்றியம்தானே அவளைக் கருத்தாளர் என்று கூப்பிட்டது? அதெல்லாம் இருட்டாம். போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். அரையாண்டு டெஸ்டில் சரிதாவின் வகுப்பு வட்டாரத்தில் முதலாவதாக வந்தால், இந்த வருஷம் கருத்தாளராகச் சரிதாவின் பெயரையே அனுப்பலாமாம். தலைமையாசிரியர் நாச்சிமுத்து தலையாட்டினார்.

அன்றிலிருந்து அமுதவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. லேப்பில் பிள்ளைகள் சிரித்தால் இங்கே அவள் கையில் சாக்பீஸ் உடைந்தது. அவளுடைய சொந்த வகுப்புப் பிள்ளைகளே, "எங்களுக்கு லேப் எப்பங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் லேப் வந்துவிட்டதால் நோட்டுக்கட்டுகள் வருவது நின்றுபோனது. பஸ்ஸில் சரிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொறாமை என்று அதற்குப் பெயர் சொல்ல அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் பொறாமைப்பட்டாள்.

அரையாண்டு டெஸ்டுக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. சரிதாவின் வகுப்பில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். எட்டுப் பேர் எழுதி முடித்து, வட்டாரத்தில் முதலிடத்தில் நின்றார்கள். பாக்கி மைதிலி ஒருத்தி. அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி. மாமன் மகளுக்குக் காதுகுத்து என்று இரண்டு நாளாக வரவில்லை. மத்தியானம் சரிதாவின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது.

"மைதிலி சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாக்கா. அவங்க அம்மா சொல்லியிருக்காங்க. வந்தா உட்கார வச்சிடுங்க. அவ எழுதிட்டா போதும், நாமதான் முதல்" என்று சொல்லிவிட்டுச் சரிதா ஓடினாள்.

நாலரை மணி வரை மைதிலி வரவில்லை. ஐந்து மணிக்கு டெஸ்ட் மூடிவிடும். வராத பிள்ளையின் டெஸ்டை டீச்சரே போட்டு முடிப்பது எங்கும் உள்ள வழக்கம்தான். ஒரு பெயர் காலியாக இருந்தாலும் ஒன்றியத்திலிருந்து போன் வந்துவிடும். "அமுதா டீச்சர், நீங்களே போட்டு முடிச்சுருங்க" என்றார் நாச்சிமுத்து. பிள்ளைகளின் எண்கள் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தன. அமுதவல்லி மைதிலியின் எண்ணைப் பார்த்துப் போட்டு உள்ளே போனாள்.

முதல் மூன்று கணக்கைச் சரியாகவே போட்டாள். நாலாவதாக ஐந்நூற்று மூன்றில் நூற்று எழுபத்தெட்டு போனால் எவ்வளவு என்று வந்தது. முந்நூற்று இருபத்தைந்து. அவள் நானூற்று எழுபத்தைந்து என்று அடித்தாள். கை தானாகப் போய்விட்டது என்று பின்னால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொய். கை எங்கும் தானாகப் போகவில்லை.

கைக்கு வந்ததை அடித்துவிட்டு எழுந்திருக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, தப்பைக்கூட ஒழுங்காகச் செய்தாள். மேலே பூஜ்யம் இருந்தால் கடன் வாங்கத் தெரியாமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடும் பிள்ளை எப்படிப் போடுமோ, அப்படியே பூஜ்யம் வந்த கணக்கையெல்லாம் போட்டாள். இதைக் கண்டுபிடி பார்க்கலாம் என்று திரையைப் பார்த்து முறைத்தாள். கடைசிக் கணக்கு முடிந்ததும் திரையில் வரி வந்தது: மேல் எண்ணில் பூஜ்யம் வரும் கழித்தலில் இம்மாணவி தடுமாறுகிறார். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போடுகிற நேரத்துக்குள் அது சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை பட்டியல் வந்தபோது சரிதாவின் வகுப்பு நாலாவது இடத்தில் இருந்தது. மைதிலியே வந்து எழுதியதாகத்தான் சரிதா நினைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து அமுதவல்லியின் பெயரையே அனுப்பினார். மூன்று வாரத்தில் கடிதமும் வந்தது. அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தபடி அவள் சாப்பிட உட்கார்ந்தபோது, சரிதா மைதிலியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உங்களைத் தவிர யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. காதுகுத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து கம்ப்யூட்டர் இவளுக்குப் பலூன் எண்ணுற கணக்கா கொடுக்குது. பூஜ்யம்னாலே பயப்படுறா. முன்னாடி நல்லாத்தான் போட்டுட்டிருந்தா. எங்க தடுமாறுறான்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

அமுதவல்லி டிபன் பாக்ஸை மூடினாள். வேறு கணக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. "ஐந்நூத்தி மூணுல நூத்தி எழுபத்தெட்டு போடு கண்ணு" என்றாள்.

மைதிலி நோட்டை மடியில் வைத்துப் போட்டாள். கடன் வாங்கி, பூஜ்யத்தைப் பத்தாக்கி, பத்தை ஒன்பதாக்கி, கடகடவென்று முந்நூற்று இருபத்தைந்து என்று எழுதினாள். எழுதிவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து விடையை அழித்துவிட்டாள்.

"ஏன் சாமி அழிச்சே?"

"தப்பா இருக்குமுங்க டீச்சர்."

"எப்படிச் சொல்றே?"

"எனக்குப் பூஜ்யம் வந்தா கணக்கு வராதுங்களாம். கம்ப்யூட்டர்ல போட்டிருக்குதுங்க. எனக்குச் சரின்னு தோணுனா அது தப்பாத்தானுங்க இருக்கும்."

சொல்லிவிட்டு அழித்த இடத்தில் நானூற்று எழுபத்தைந்து என்று மெதுவாக எழுதினாள். மூன்று வாரம் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தது. அமுதவல்லி அந்த எண்ணையே பார்த்தாள். எந்தப் பிள்ளையின் தப்பையும் பார்த்த மாத்திரத்தில் அதன் பின்னால் இருக்கும் யோசனையைச் சொல்கிறவளுக்கு, இந்தத் தப்பு யாருடையது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"தெரிஞ்சுதாக்கா?" என்றாள் சரிதா.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடிதம் பையிலேயே இருந்திருக்கும், புடவையும் இஸ்திரிக்குப் போயிருக்கும். தெரியவில்லை என்று அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் அன்றைக்கு அவளைப் பேசவைத்ததோ, அல்லது அந்தப் பிள்ளையின் முகமோ, அவளுக்கே தெரியாது.

"அந்த டெஸ்டை இந்தப் புள்ள எழுதல சரிதா. அன்னைக்கு இவ வரவே இல்ல. நாந்தான் உக்காந்து எழுதுனேன். தப்பாப் போடோணும்னேதான் போட்டேன். கருத்தாளருக்கு உம்பேரை அனுப்பிரக் கூடாதுன்னு."

சரிதாவிடமிருந்து வழக்கமாக வரும் 'அக்கா' வரவில்லை. அமுதவல்லி பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைக்கும்போதும் கை அதை விட மறுத்தது. சரிதா அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவள் குனிந்து மைதிலியின் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அமுதவல்லிக்குப் பொறாமையாக இருந்தது.

மைதிலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர்கள் பேசியதில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப எனக்குப் பூஜ்யக் கணக்கு வருங்களா டீச்சர்?"

வரும் சாமி என்று சொல்ல அமுதவல்லி வாயைத் திறந்தாள். ஆனால் பிள்ளை அவளைக் கேட்கவில்லை. சரிதாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சரிதாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.