பிரேம்நாத் எழுதிய பூட்லோடர்

பிரேம்நாத்துக்கு முப்பத்திரண்டு வயது. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷெட் ஒன்றின் ஃபினிஷிங் செக்‌ஷனில் ஸ்ப்ரே அடிக்கிற வேலை. இன்ஜினியரிங் படிப்பு மூன்றாம் வருஷத்தோடு நின்றுபோனது. அப்பா இறந்தபோது வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, அந்த யாராவது இவன்தான். இப்படிப் பாதியில் விட்டவர்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஆனால் அவர்களில் எவனும் ஒரு லேப்டாப் கண் விழிக்கிற விதத்தையே மாற்றி எழுத உட்கார்ந்ததில்லை.

லேப்டாப்பில் பட்டனை அமுக்கியதும், திரையில் ஏதும் தெரிவதற்கு முன்பே, ஒரு சின்ன புரோகிராம் எழுந்துகொள்ளும். மெமரியைத் தட்டி எழுப்பிவிட்டு, விண்டோஸோ லினக்ஸோ, உள்ளே இருக்கிற சிஸ்டத்தைக் கூப்பிடும். அதுதான் பூட்லோடர். நகத்தளவு சிப் ஒன்றில் குடியிருக்கும். ஆனால் பிரேம்நாத் ஆம்பூர் பஜாரில் பழசாக வாங்கிய லேப்டாப்பில், கம்பெனிக்காரன் போட்ட சிஸ்டத்தைத் தவிர வேறு எதையும் அது உள்ளே விடாது. அந்தச் சிஸ்டத்தைக் கம்பெனியே கைகழுவி வருஷமாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவன் பேச்சைக் கேட்காதா என்ற கோபத்தில், தானே ஒரு பூட்லோடர் எழுத ஆரம்பித்தான்.

ஆரம்பித்தது கோபத்தில். விடாமல் பிடித்துக்கொண்டது மகளுக்காக. கெசியாவுக்கு நாலு வயது, கைக்குழந்தையிலிருந்தே வீசிங், மூச்சு இழுப்பு. வீட்டின் பின்னால் ஷெட்டுகளின் கழிவுக் கால்வாய் ஓடுகிறது. மூன்றாவது முறை அவனும் மனைவி நிஷாவும் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிஷாவைப் பார்த்தார்.

"மருந்து குடுத்துனே இருக்கலாம்மா. ஆனா இந்தக் காத்த உட்டு எங்கனா போய்டுங்க."

எங்கே போவது? தோலுக்கு ஸ்ப்ரே அடிக்கத் தெரிந்தவனுக்குப் பேரணாம்பட்டை விட்டால் ஆம்பூர், ஆம்பூரை விட்டால் ராணிப்பேட்டை. எல்லா இடத்திலும் அதே நாற்றம்தான் சம்பளம் கொடுக்கிறது. வெளியூரில் வேறு வேலை கேட்க அவன் கையில் இருந்தது இந்தப் பூட்லோடர் ஒன்றுதான்.

பூட்லோடருக்காக எழுதியதை எல்லாம் பிரேம்நாத் இன்டர்நெட்டில் யாரும் எடுத்துப் பார்க்கிறபடி போட்டு வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் போன் வந்தது. இஷ்தியாக் அகமது, வாணியம்பாடிக்காரர். பெங்களூரில் கம்ப்யூட்டர் போர்டு செய்கிற சின்ன கம்பெனியில் இன்ஜினியர்.

"எங்க கம்பெனில உனக்கு வேல இருக்கு, டிகிரிலாம் கேக்கல பிரேம். ரெண்டு மாசம் டைம், அப்பறம் வீடியோ கால்ல உன் லேப்டாப்ப மூணு வாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. மூணு வாட்டியும் லினக்ஸ் வரணும். எங்க மேனேஜர் கண்ணால பாக்கணும், அவ்ளோதான்."

அன்றே நிஷா பெங்களூரில் வாடகை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள், எப்போதும் கையில் வேலை இருக்கிற மாதிரியே அவசரமாக நடப்பாள். பிரேம்நாத்தோ லேப்டாப்பைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏனென்றால் ஒழுங்காக எழுந்துகொண்டிருந்த லேப்டாப் அந்த வாரம்தான் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. நாலு முறை ஆன் செய்தால் ஒரு முறை, மெமரியை எழுப்புகிற இடத்தில் அப்படியே நின்றுவிடும்.

மெமரிப் பகுதியை அவன் அந்த வாரம்தான் திருத்தியிருந்தான். அதனால் சந்தேகம் நேராக அங்கே போனது. ஷிஃப்டுக்குப் போகுமுன் காலையில் ஒரு மணி நேரம், ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் மிச்ச நாள் முழுவதும் என்று இரண்டு மாதம் அந்த நானூறு வரிகளை மாற்றி மாற்றி எழுதினான். பழையதை ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால், அதுவும் நிற்பதைக் கண்டு அன்றைக்கே விஷயம் புரிந்திருக்கும். போடவில்லை. பின்னால் போக ரோஷம் விடவில்லை. மடத்தனம் என்றும் சொல்லலாம்.

குறித்த சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, பத்து மணிக்கு வீடியோ காலில் உட்கார்ந்தான். முதல் முறை லினக்ஸ் வந்தது. இரண்டாவது முறை நின்றது. மூன்றாவது முறையும் நின்றது. மேனேஜர் நோட்டில் எதையோ எழுதினார். இஷ்தியாக்தான் கை கொடுத்தார்.

"போர்டுல எதனா லூஸ் கான்டாக்ட் இருக்குமா பிரேம்? பாத்து சொல்லு, நாங்க வெயிட் பண்றோம்."

"இல்ல சார். மிஸ்டேக் என்னுதுதான்."

யோசித்துச் சொன்னது அல்ல அது. ஷெட்டில் ஒரு தோல் ரிஜெக்ட் ஆனால் அதன் முதுகில் சாக்பீஸால் தொழிலாளி பெயரை எழுதுவார்கள். பெயருக்கு உரியவன் தோலுக்குப் பக்கத்தில் நின்று சூப்பர்வைசரிடம் "மிஸ்டேக் என்னுது" என்று சொல்ல வேண்டும். கெமிக்கல் கெட்டதா, மெஷின் கெட்டதா என்று எவனும் கேட்கமாட்டான், கேட்டவன் அடுத்த வாரம் இருக்கமாட்டான். பத்து வருஷம் அப்படி நின்று நின்று, தப்பு என்றதும் தன் பெயரைச் சொல்ல பிரேம்நாத்தின் வாய் பழகியிருந்தது. தப்பிக்க வழியைத் திறந்துவிட்ட மனுஷனிடமும் அதையே சொன்னான்.

இருபது நாள் கழித்து இஷ்தியாக் மறுபடி கூப்பிட்டார். "மனசு கேக்கல பிரேம். அதே மாடல் லேப்டாப் ஒண்ணு இங்க கெடச்சுச்சு. உன் பூட்லோடர போட்டு முப்பது வாட்டி ஓட்டிட்டேன், ஒரு வாட்டி கூட நிக்கல. ஏன் உன்னுதுன்னு சொன்ன? அந்த எடத்துக்கு நேத்துதான் ஆள் சேந்துட்டான்."

பிரேம்நாத் லேப்டாப்பைக் கழற்றினான். அடிக்கடி சிப்பை எடுத்து எழுத வேண்டும் என்று, போன வருஷம் போர்டில் அவனே ஒரு சாக்கெட்டைப் பற்றவைத்து அதில் சிப்பைச் செருகியிருந்தான். சாக்கெட்டின் எட்டுக் கால்களும் கரிப்பிடித்துக் கிடந்தன; அந்தக் கரியில்தான் சிப்பின் கான்டாக்ட் விட்டு விட்டுப் போயிருந்தது. கால்வாய்க் காற்று செம்பை, வெள்ளியைக் கறுப்பாக்கும் என்பது பேரணாம்பட்டில் பிறந்தவனுக்குத் தெரியாததல்ல. வெள்ளிக் கொலுசு கறுக்கும், குழாய் கறுக்கும், சுவிட்ச் கறுக்கும். பார்த்துப் பார்த்து அது அவன் கண்ணுக்குக் கறுப்பாகவே படாமல் போயிருந்தது. ஒவ்வொரு காலாக ரப்பரால் தேய்த்துவிட்டு ஆன் செய்தான். பத்து முறை செய்தான். பத்து முறையும் லினக்ஸ் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது.

நிஷா பக்கத்தில் வந்து, அவன் தேய்த்துப் போட்ட கரித்தூளை விரலில் தொட்டுப் பார்த்தாள். இன்னாங்க இது என்று கேட்டாள். சொன்னான்.

"மூடி வெச்ச பொட்டிக்குள்ள ஒரு வருஷத்துக்கே இப்டின்னா," என்றாள், "நாலு வருஷமா கொழந்த உள்ள இன்னாங்க ஆயிருக்கும்?"

அந்த வாரமே நிஷா தையல் வேலையை விட்டுவிட்டு, கெசியாவைக் கூட்டிக்கொண்டு அரக்கோணத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே குழந்தைக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. பிரேம்நாத் இன்னமும் அதே ஷெட்டில்தான் ஸ்ப்ரே அடிக்கிறான்; ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். அப்பா என்று கத்திக்கொண்டு ஓடி வருகிற கெசியாவை வாசலிலேயே நிஷா இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். குழந்தை திமிறி அழுகிறாள். அவன் நேராகப் பின்கட்டுக்குப் போய், மேலில் ஒட்டி வந்த ஷெட் வாடை போகக் குளித்து, அங்கேயே வைத்திருக்கிற சட்டையை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் அவளைத் தூக்கலாம்.